அம்மா திட்டின கறையெல்லாம் சாயமாகுமா? (பழைய துணியும் அடுப்படிச் சாயமும்)

மொட்டைமாடி மீனா | சென்னை | ஜூலை 21, இரவு 10:12

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாத்தான் எழுதப் போறேன், பொறுத்துக்குங்க.

எங்க தெருவுக்கு மாசம் ஒரு தடவை பழைய துணிக்கு எவர்சில்வர் பாத்திரம் கொடுக்கற அம்மா வருவாங்க. போன தடவை எங்க அத்தை ஒரு மூட்டையை வெளியில வெச்சு இட்லிக் குண்டானுக்குப் பேரம் பேசிட்டு இருந்தாங்க. எட்டிப் பாத்தா மாமாவோட எட்டு முழ வேட்டி 5, வாயில் புடவை 3, ஒரு பெட்ஷீட், பசங்களோட பழைய யூனிஃபார்ம் சட்டை 4. "குண்டான் நான் வாங்கித் தரேன் அத்தை"ன்னு மூட்டையை உள்ள இழுத்துட்டு வந்துட்டேன். அத்தைக்கு இன்னும் அந்தக் குண்டான் கணக்கு தீரலை.

திட்டம் இதுதான். கொலுவுக்கு வர்றவங்களுக்கு 50 தாம்பூலப் பை, படிக்கு விரிப்பு, மரப்பாச்சிக்கு ஒரு செட்டு உடுப்பு. சாயம் மட்டும் வீட்ல கறை பண்ற சாமான்லயே போடணும்னு ஒரு பிடிவாதம். வாழ்நாள் பூரா அம்மாகிட்ட "கறையாக்கிட்டு வந்துட்டியா"ன்னு திட்டு வாங்கினவளுக்கு அதுல ஒரு பழிவாங்கல் சந்தோஷம்.

நடந்தது வேற.

மஞ்சள்: 6 துண்டு கொதிக்க வெச்சேன். மொட்டைமாடியில காயும்போது ஆடிக் காத்துல பறக்கற அழகு பாக்கணும். அழுக்கு பட்டதேன்னு ஒரு துண்டை பார் சோப்பு போட்டு கசக்கினேன், ஆரத்தித் தட்டு மாதிரி சிவந்துடுச்சு. மத்த அஞ்சும் ரெண்டு நாள் வெயில்ல கிடந்து எலுமிச்சைத் தோல் நிறத்துக்கு வந்துடுச்சு.

பீட்ரூட்: முக்கால் கிலோ. துணி ரோஸ். ஒரு அலசல். துணி அழுக்கு வெள்ளை. முக்கால் கிலோ பொரியல் போச்சு.

டீத்தூள்: இது மட்டும் நல்லா பிடிச்சுது. ஆனா வாயில் புடவையோட முந்தானைப் பக்கம் ஒரு சாண் இடத்துல குண்டுகுண்டா கறுப்புப் புள்ளி. துவைச்சாலும் போகலை.

உப்பும் வினிகரும் போட்டா சாயம் நிக்கும்னு ஒரு வீடியோல சொன்னாங்க, அதையும் செஞ்சேன். வீடு ஊறுகாய் ஜாடி மாதிரி நாறுது, சாயம் நிக்கலை. எங்க தப்பு?

---

தூக்கக்கலக்கம் | ஜூலை 21, இரவு 10:40

சட்டையில மஞ்சள் கறை பட்டா "வெயில்ல காயப்போடு, போயிடும்"னு எல்லா அம்மாவும் சொல்றதுதான். அதையே சாயம்னு போட்டு வெயில்லயே காயவெச்சிருக்கீங்க. நரிக்கு மழையில வெளுத்துச்சு, உங்களுக்கு வெயில்ல.

---

ஈரோட்டு மாஸ்டர் | ஜூலை 22, காலை 6:05

மீனாம்மா, 28 வருசம் சாயப்பட்டறையில நின்னவனுங்க நான். போட்டதெல்லாம் கெமிக்கல் சாயந்தான். ஆனா துணியோட குணம் எதுக்கும் ஒண்ணுதானுங்களே.

முதல்ல அந்த உப்பு, வினிகர் சமாச்சாரம். பருத்திக்குப் போடற ரியாக்டிவ்ங்கற கெமிக்கல் சாயத்துக்கு நாங்க மூட்டை மூட்டையா உப்பு போடுவோம், தண்ணியில கிடக்குற சாயத்தைப் பருத்திப் பக்கம் தள்ளுறதுக்கு. வினிகர் மாதிரி புளிப்பு வேணுங்கறது கம்பளிக்கும் பட்டுக்கும் போடற ஆசிட் சாயத்துக்கு. இந்த ரெண்டையும் யாரோ கேட்டுட்டுப் போயி பீட்ரூட்டுக்கும் மஞ்சளுக்கும் ஒட்ட வெச்சுட்டாங்க. உங்க பருத்தித் துணியில ரெண்டும் ஒண்ணும் பண்ணாது.

பருத்தி லேசுல சாயத்தைச் சேத்துக்காதுங்க. நடுவுல ஒரு ஆளு வேணும். வீட்டுச் சாமான்ல அந்த ஆளு படிகாரம், சலூன்ல ஷேவ் பண்ணின பிறகு முகத்துல தேய்ப்பாங்களே, அதேதான். ஆனா படிகாரமும் பருத்தியில நேரா உக்காராது. அதுக்கு முன்னால துவர்ப்பு ஏத்தணும். கடுக்காய்த் தூள். துவர்ப்பு நூலைப் பிடிச்சுக்கும், படிகாரம் துவர்ப்பைப் பிடிச்சுக்கும், சாயம் படிகாரத்தைப் பிடிச்சுக்கும். துணிக்குக் கடுக்காய் கொடுக்கலைன்னா சாயம் நமக்குக் கடுக்காய் கொடுத்துட்டு ஓடிரும்.

டீ ஏன் நின்னுச்சுன்னா, அது தானே துவர்ப்பு. அதுக்கு ஆள் தேவையில்ல.

மஞ்சளுக்கு நேராவே பருத்தியில ஒட்டுற குணம் உண்டு, அதனால மொதல் நாள் அவ்வளவு பிரகாசமா இருக்கும். ஆனா வெயில்ல அந்த நிறச் சத்தே உடைஞ்சுரும், கடுக்காய் படிகாரம் எதைப் போட்டாலும் பெருசா காப்பாத்த முடியாது. சோப்பு காரம், அதனால சிவந்துச்சு. சிவந்த துண்டைப் புளித்தண்ணியில முக்கி எடுங்க, மறுபடி மஞ்சளாயிரும். பீட்ரூட்டை மறந்துருங்க. செம்பருத்தி, சங்குப்பூ அதெல்லாமும் சர்பத்துக்கு நல்லா இருக்கும்.

இப்ப ஒரு கேள்வி. அந்தக் கறுப்புப் புள்ளி விழுந்த இடம், புடவை கட்டும்போது தோள்ல ஊக்கு குத்துற இடமுங்களா?

---

மொட்டைமாடி மீனா | ஜூலை 22, காலை 9:30

மாஸ்டர் ஐயா!! இப்பத்தான் போய் எடுத்துப் பாத்தேன். ஒவ்வொரு புள்ளிக்கும் நடுவுல ஊசி போன ஓட்டை இருக்கு. அத்தை வருஷக்கணக்கா ஊக்கு குத்தின இடமேதான். எப்படிக் கண்டுபிடிச்சீங்க?

---

ஈரோட்டு மாஸ்டர் | ஜூலை 22, மதியம் 1:15

வேர்வையில ஊக்கு துரு ஏறும், கண்ணுக்குத் தெரியாத அளவு துணியில இறங்கிரும். வெள்ளையில இருக்குறப்ப லேசா பழுப்பா இருந்திருக்கும், யாரும் கவனிச்சிருக்க மாட்டாங்க. டீயோட துவர்ப்பு பட்டவுடனே இரும்பும் துவர்ப்பும் சேந்து கறுப்பு மசி. அந்தக் காலத்துல எழுதுற மசியே இந்தச் சேர்க்கையிலதான் பண்ணாங்க.

பழைய துணியில இதுதானுங்க விசேஷம். புதுத்துணிக்கு ஒரே குணம். பழசுக்கு ஒவ்வொரு அங்குலத்துக்கும் ஒரு சரித்திரம் இருக்கும். காலர்ல தலையெண்ணெய், அக்குள்ல வேர்வை உப்பு, வேட்டி மடிப்புல கஞ்சி, மொத்தத்துக்கும் சொட்டு நீலம். எண்ணெய் இருக்குற இடம் சாயம் குடிக்காது. கஞ்சி இருக்குற இடம் எக்கச்சக்கமா குடிக்கும், அப்புறம் கஞ்சியோட சேந்து கழண்டு போயிரும்.

அதனால மொதல் வேலை கொதிக்க வெக்கிறது. ஒரு பெரிய குண்டான் தண்ணியில ரெண்டு ஸ்பூன் வாஷிங் சோடா, கொஞ்சம் சோப்பு, ஒரு மணி நேரம் அடுப்புல. சோடாக் காரத்துக்கு அலுமினியம் ஆகாது, எவர்சில்வர் எடுத்துக்குங்க. தண்ணி எப்படி மாறுதுன்னு பாருங்க, "வெளுத்த வேட்டி"ன்னு நினைச்சதெல்லாம் என்னன்னு தெரியும். தண்ணி தெளியற வரைக்கும் அலசிட்டுத்தான் கடுக்காய்.

---

கோவைக் கத்தரி | ஜூலை 22, மாலை 4:48

மீனாக்கா, கொதிக்க வெக்கிறதுக்கு முன்னாடி இன்னொண்ணு. எது பருத்தின்னு பிரிச்சீங்களா? அந்த யூனிஃபார்ம் சட்டை நாலும் கண்டிப்பா டெரிகாட்டாத்தான் இருக்கும், அதாவது பாலியெஸ்டர் கலந்த பருத்தி. வேட்டியிலயும் இப்ப பாதிக்குப் பாதி பாலியெஸ்டர் கலந்து வருது.

ஓரத்துல ஒரு நூல் உருவி, இடுக்கியில பிடிச்சு நெருப்புல காட்டுங்க. பருத்தின்னா பேப்பர் எரியற வாசம், சாம்பல் தொட்டா பொடியாகும். பாலியெஸ்டர்னா சுருங்கி உருகி நுனியில கறுப்பா கெட்டி மணி நிக்கும், நசுக்கினா நசுங்காது. கலப்புன்னா ரெண்டும் பாதிப் பாதி. வெந்த மணியை விரல்ல தொட்டுப் பாக்காதீங்க, நான் தொட்டேன்.

கலப்புத் துணியில சாயம் பிடிக்காதுன்னு இல்ல. பருத்தி இழை மட்டும் குடிக்கும், மத்தது வெள்ளையாவே நிக்கும், மொத்தத்துல வெளிறின மாதிரி வரும்.

ஒரு சட்டையை நான் தைச்ச தையலோடவே வெங்காயத் தோல்ல முக்கிட்டேன். துணி தேன் கலர்ல வந்துச்சு, தையல் நூல் பூரா பாலியெஸ்டர், அதுனால தையல் மட்டும் பளிச்னு வெள்ளைக் கோடா நிக்குது. பாக்கெட்டைச் சுத்தி, காஜாவைச் சுத்தி எல்லாம். மொதல்ல அழுகையா வந்துச்சு. இப்ப அந்தப் பையைத்தான் எல்லாரும் எங்க வாங்கினேன்னு கேக்கறாங்க.

---

யாழ் தையற்காரி | யாழ்ப்பாணம் | ஜூலை 23, காலை 7:20

வணக்கம் மீனா அக்கா. டீயைச் சாயமாய்ப் போட்டேன் எண்டு நீங்கள் எழுதியிருக்கிறதைப் பாக்கச் சிரிப்பாய்க் கிடந்தது. எங்கட மலையகப் பக்கம் பால் விடாத தேத்தண்ணியையே சாயம் எண்டுதான் சொல்லுறவை. "ஒரு சாயம் குடிச்சிட்டுப் போங்கோ" எண்டால் துணிக்கடைக்குக் கூப்பிடுறதாய் நினைக்கப்பிடாது.

நான் செய்து பாத்ததில நிண்டது வாழைக்கயர். குலை வெட்டின பிறகு மரத்தைத் துண்டாக்கேக்க வடியிற நீரை ஒரு வாளியில பிடிச்சு, கழுவின துணியை அதுக்குள்ள ஒரு இரவு ஊற விட்டனான். எடுக்கேக்க ஒண்டும் தெரியாது, ஊத்தைத் தண்ணி பட்ட மாதிரித்தான். காத்தில விட விடத்தான் மண்ணிறமாய் வரும். திருப்பித் திருப்பி மூண்டு தரம் தோய்ச்சுக் காயவிட, பழைய மரப்பெட்டி மாதிரி ஒரு நிறம். அந்த நிறம் இண்டைக்கும் அப்பிடியே இருக்கு. சின்னனில வாழைக்கயர் பட்ட பள்ளிக்கூடச் சட்டைக்கு அம்மாட்ட வாங்கின அடியும் அப்பிடித்தான், மறக்கேல்லை.

வாழைப்பொத்தி அரியேக்க கை கறுக்கிறதிலயும் மாஸ்டர் ஐயா சொன்ன கதை கொஞ்சம் இருக்கும் போல கிடக்கு. கயரில துவர்ப்பு, அரிவாளில இரும்பு. எண்ணெய் பூசிக்கொண்டு அரி எண்டு அம்மம்மா சொன்னதும் அதுக்குத்தான்.

இன்னொரு பழைய கதை. இஞ்ச மன்னார், யாழ்ப்பாணக் கரையில சாயவேர் கிண்டி எடுத்தவையாம். ஒல்லாந்தர் காலத்தில அவையள் அதைத் தங்கட பிடிக்குள்ள வைச்சிருந்தவை. உங்கட சோழமண்டலக் கரைச் சிவப்புத் துணிக்கெல்லாம் அந்த வேர்தான். இப்ப அந்தச் செடியைக் காட்டினால் புல்லு எண்டு மிதிச்சுப் போட்டுப் போவினம்.

---

பாரம்பரியம் காப்போம் | ஜூலை 23, இரவு 8:55

மஞ்சள் நிற்காது என்று சொல்வது நம் முன்னோர்களை அவமதிப்பது. தாலிக் கயிறு எதில் தோய்க்கிறோம்? புதுத்துணிக்கு எதை வைக்கிறோம்? இயற்கைச் சாயத்தில் எந்தத் தீங்கும் இல்லை, கெமிக்கல்காரர்கள்தான் பயமுறுத்துகிறார்கள். மயில்துத்தம் கொஞ்சம் சேர்த்தால் எல்லாச் சாயமும் கெட்டியாக நிற்கும், அதுவும் நாட்டுமருந்துக் கடையில்தான் கிடைக்கிறது.

---

ஈரோட்டு மாஸ்டர் | ஜூலை 24, காலை 5:50

ஐயா, கோவிச்சுக்காதீங்க. தாலிக் கயித்துக்குத் திரும்பத் திரும்ப மஞ்சள் பூசறாங்களே, எதுக்குன்னு யோசிங்க. புதுத்துணி மூலையில வைக்கிற மஞ்சள் ரெண்டு துவைப்புல போயிரும், போகணும்னுதான் அங்க வைக்கிறது. நம்ம பெரியவங்களுக்கு மஞ்சள் போயிரும்னு நல்லாவே தெரியும். நிக்கணும்னு நினைச்ச துணிக்கு அவங்க கடுக்காயும் படிகாரமும் சாயவேரும்தான் எடுத்தாங்க. கருப்பூர், சிக்கல்நாயக்கன்பேட்டை கலம்காரிக்காரங்க கடுக்காயும் பாலும் போட்டு ஊறவெச்ச துணியிலதான் இன்னிக்கும் படம் எழுதறாங்க. பால்ல இருக்கற கொழுப்பு, எழுதற கோடு பரவாம நிறுத்தும். கறுப்புக்குத் துருப்பிடிச்ச இரும்பும் வெல்லமும் தண்ணியில போட்டு நாள்கணக்குல புளிக்க விடுவாங்க.

மயில்துத்தம் வேண்டவே வேண்டாங்க. அது செம்புச் சத்து, விஷம். வயித்துக்குள்ள போனா ஆளைப் படுக்க வெச்சிரும், வாய்க்கால்ல போனா மீனு சாகும். மரப்பாச்சிக்குக் கட்டற துணியைக் குழந்தைங்க வாயில வெக்கும்.

கெமிக்கல்காரன்னு சொன்னீங்க, சரிதான். 2011 ஜனவரியில ஐகோர்ட் உத்தரவுல திருப்பூர் சாயப்பட்டறைங்களை மூடுனப்ப நான் வேலை பாத்த பட்டறையும் மூடுச்சு. எட்டு மாசம் வீட்ல இருந்தேன். உத்தரவு தப்புன்னு ஒரு நாளும் சொன்னதில்ல, நொய்யல் எந்தக் கலர்ல ஓடுச்சுன்னு கண்ணால பாத்தவன். அதனாலதான் சொல்றேன், "இயற்கை"ன்னு பேர் இருக்குறதால எதையும் கண்ணை மூடிட்டு ஊத்தாதீங்க. சாயம் காய்ச்சற குண்டான்ல மறுபடி சோறு வடிக்காதீங்க. படிகாரத் தண்ணியைக்கூட ஒரே செடி மூட்டுல ஊத்தாம நிறைய தண்ணி விட்டு அனுப்புங்க.

---

மொட்டைமாடி மீனா | ஜூலை 24, காலை 9:02

அத்தையோட குண்டான் பிரச்சினை தீந்துடுச்சு. புதுக் குண்டான் வாங்கி அத்தைக்கு, பழைய குண்டான் சாயத்துக்கு. ஐயா, அளவு மட்டும் சொல்லுங்க. கண்ணளவு எல்லாம் எனக்கு வராது, அதான் பீட்ரூட்டுல பாத்தோமே.

---

ஈரோட்டு மாஸ்டர் | ஜூலை 24, மாலை 7:30

காஞ்ச துணியை எடை போடுங்க, எல்லாக் கணக்கும் அதுலருந்துதான். 200 கிராம் துணின்னு வெச்சுக்குங்க.

கடுக்காய்த் தூள் 40 கிராம். சுடுதண்ணியில கரைச்சு, துணியைப் போட்டு ராத்திரி பூரா ஊறட்டும். காலையில பிழிஞ்சு நிழல்ல உலத்துங்க, அலசாதீங்க. துணி வெண்ணெய் நிறத்துக்கு வந்திருக்கும்.

படிகாரம் 30 கிராம். பொடிச்சு, கொதி தண்ணியில கரைச்சு, அப்புறம் துணி மூழ்கற அளவு தண்ணி. அதுலயும் ஒரு ராத்திரி. லேசா ஒரு அலசு.

வெங்காயத் தோல்னா துணி எடைக்குப் பாதியாவது வேணும், துணி எடைக்கே இருந்தா நல்ல கெட்டி ஷேடு. தோலை ஒரு மணி நேரம் கொதிக்க வெச்சு வடிகட்டிட்டு, அந்தத் தண்ணியில துணியைப் போட்டு கொதி வராம இளஞ்சூட்டுல ஒரு மணி நேரம். அப்படியே ஆற விட்டுருங்க. மாதுளை ஓட்டுக்கும் இதே வழி, ஆனா அது தானே துவர்ப்பு, கடுக்காயைக் குறைச்சுக்கலாம்.

கிளறிட்டே இருக்கணும். துணியை மடிச்சுப் போட்டுட்டு சீரியல் பாக்கப் போனா திட்டுத் திட்டா வரும், அப்புறம் அதை டிசைன்னு சொல்லிக்க வேண்டியதுதான்.

பசுமை, சாம்பல் ஷேடு வேணும்னா கடைசியில துரு ஆணித் தண்ணி நாலு சொட்டு. கவனம், நாலே சொட்டு. இரும்பு அதிகமானா வருசம் போகப் போக நூலைத் தின்னுரும், தொட்டா கிழியும்.

துவைக்க பூந்திக்கொட்டை. பார் சோப்பு பக்கத்துலயே வரக்கூடாது.

---

தூக்கக்கலக்கம் | ஜூலை 24, இரவு 11:18

கடுக்காயை முழுசா வாங்கினா கொட்டையை எடுக்கணுமா? "சுக்குக்குப் புறணி நஞ்சு, கடுக்காய்க்கு அகணி நஞ்சு"ன்னு தாத்தா சொல்லுவார். துணிக்கும் நஞ்சா?

---

கோவைக் கத்தரி | ஜூலை 25, காலை 8:10

துணிக்கு நஞ்செல்லாம் இல்ல, துவர்ப்பு சதையிலதான் இருக்கு, கொட்டையை அரைச்சா மிக்ஸி பிளேடுக்குத்தான் நஞ்சு. தூளாவே வாங்கிக்குங்க.

வெங்காயத் தோலுக்கு ஒரு வழி. காய்கறிக் கடையில கூடை மாத்தும்போது அடியில சருகு பூரா குவிஞ்சிருக்கும். ஒரு சாக்கு கொடுத்து வெச்சா ஒரே வாரத்துல நிரம்பிடும், காசும் கேக்க மாட்டாங்க. மாதுளைக்கு ஜூஸ் கடை. அழுகினது கலந்திருக்கும், அன்னிக்கே உலத்திடுங்க.

---

டொராண்டோ குளிர் | கனடா | ஜூலை 25, இரவு 9:44

இழையைச் சத்தமில்லாமல் படித்துக்கொண்டிருந்தேன். சாயம் போவதைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஒரு பழங்கதை. 1958-இல் சென்னைக் கட்டம்போட்ட துணி, தாவரச் சாயம் போட்டது, அமெரிக்காவில் ப்ரூக்ஸ் பிரதர்ஸ் கடைக்குப் போனது. பச்சைத் தண்ணீரில் தனியாகத் துவைக்க வேண்டும் என்பது வாங்கியவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. இயந்திரத்தில் போட்டார்கள், சாயம் கழன்று ஓடியது. வழக்கு வரும் நிலை. கடைசியில் அதையே விளம்பரமாக்கிவிட்டார்கள்: ஒவ்வொரு துவைப்பிலும் சாயம் கசிந்து கட்டங்கள் ஒன்றோடொன்று கலந்து புதுசு புதுசாக மாறும், உத்தரவாதம் என்று. துணி பிய்த்துக்கொண்டு போனது. அந்தத் துணியை விற்றுக் கொடுத்த கிருஷ்ணன் நாயர்தான் பிற்பாடு லீலா ஓட்டல்களைக் கட்டினவர்.

மீனா அவர்களின் மஞ்சள் துண்டுகளை வீசிவிட வேண்டாம் என்பதற்காகச் சொன்னேன்.

---

மொட்டைமாடி மீனா | ஆகஸ்ட் 23, இரவு 9:15

ஒரு மாசம் ஆளைக் காணோம்னு நினைச்சிருப்பீங்க. முக்கிட்டு இருந்தேன்.

நூல் உருவி எரிச்சதுல அஞ்சு வேட்டியில மூணுதான் சுத்தப் பருத்தி. "நல்ல காட்டன்"னு மாமா பெருமைப்பட்ட வேட்டி ரெண்டும் கறுப்பு மணி கட்டிடுச்சு. அவர்கிட்ட இன்னும் சொல்லலை. வாயில் மூணும் பருத்தி. பெட்ஷீட் பருத்தி. யூனிஃபார்ம் நாலும் கத்தரி சொன்ன மாதிரியேதான், அதை உள்துணிக்கு ஒதுக்கிட்டேன்.

வாஷிங் சோடாவுல வேட்டியைக் கொதிக்க வெச்சப்ப வந்த தண்ணி நிறத்தைப் பத்தி எழுத மனசு வரலை. அத்தை எட்டிப் பாத்துட்டு "நான் வாரா வாரம் துவைச்சேனே"ன்னு ரெண்டு நாள் பேசலை.

வெங்காயத் தோல் மொதல் பேட்ச் போர் தண்ணியில போட்டேன். ஏதோ மங்கின பச்சை கலந்த பழுப்பு. எங்க போர்ல வாளியே செங்கல் நிறத்துல கறை பிடிக்கும், அந்த இரும்பு வேலையைக் காட்டிடுச்சுன்னு அப்புறம்தான் உறைச்சுது. ரெண்டாவது பேட்சுக்கு மெட்ரோ வாட்டர் பிடிச்சு வெச்சு, மிச்சத்துக்கு ஒரு நாள் பெஞ்ச மழைத்தண்ணி. அதே சாக்குத் தோல், அதே வேட்டியில வெட்டின துண்டு, இந்தத் தடவை நல்ல பொன் நிறம். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சா ஒரே வீட்ல பிறந்ததுன்னு யாரும் சொல்ல மாட்டாங்க. மங்கின பேட்ச்தான் வீட்ல எல்லாருக்கும் பிடிச்சிருக்குங்கறது வேற விஷயம்.

வாழைக்கு யாழ் தங்கச்சி சொன்ன மாதிரி நீர் கிடைக்கலை, அடுக்குமாடியில எங்க மரம் வெட்டறது. பூக்கடை வாசல்ல பந்தல் பிரிச்சுப் போட்ட வாழை மரம் ரெண்டு கிடந்துது, இழுத்துட்டு வந்து துண்டு போட்டு இடிச்சுப் பிழிஞ்சேன். லிஃப்ட்ல வாழை மரத்தோட ஏறினதுக்கு செக்ரட்டரிகிட்ட ஒரு விளக்கம். ஆனா வந்த நிறம்! காயும்போது மணிக்கு மணி மாறுது. சாயங்காலம் ஆறு மணிக்குக் கொடியில பாத்த துணி இல்ல மறுநாள் காலையில இருந்தது.

வெயில் சோதனையும் செஞ்சேன். ஒவ்வொண்ணுலயும் ஒரு விரல் அகல ரிப்பன் வெட்டி, பாதியைக் காலண்டர் அட்டையில மூடி, வெயில் படற ஜன்னல்ல ஒட்டி மூணு வாரம் விட்டேன். இன்னிக்கு அட்டையைப் பிரிச்சேன்.

மஞ்சள்: மூடின பாதி மஞ்சள், திறந்த பாதி சுத்த வெள்ளை. நடுவுல ஸ்கேல் வெச்சு கோடு கிழிச்ச மாதிரி. வெங்காயத் தோல்: திறந்த பக்கம் கொஞ்சம் வெளுப்பு, தேடித்தான் பாக்கணும். மாதுளை: வித்தியாசமே இல்ல. டீ: லேசா மங்கல். வாழை: சத்தியமா சொல்றேன், திறந்த பக்கம் இன்னும் கறுத்திருக்கு. அம்மா எதெதுக்கு அதிகமா திட்டினாங்களோ அது அதிகமா நின்னிருக்கு. வாழைக்கறைக்கு அடி, மாதுளைக்குத் திட்டு, மஞ்சளுக்கு "போயிடும் விடு".

ஊக்குப் புள்ளி முந்தானையை மரப்பாச்சிக்கு வெட்டிட்டேன். புள்ளி போட்ட சேலை மாதிரியே இருக்கு. ஓட்டை மேல சின்னதா ஒரு முடிச்சுத் தையல் போட்டு மூடிட்டேன். அத்தை பாத்துட்டு "இது என் புடவைதானே"ன்னு மட்டும் கேட்டாங்க. தடவிப் பாத்துட்டு அங்கயே வெச்சுட்டாங்க.

மஞ்சள் துண்டுகளைக் கொலுப் படிக்கு அடியில விரிக்கப் போறேன். வெயில் படாது, பத்து நாள் விசேஷம், அதுக்கு அது போதும்.

பை 31 முடிஞ்சுது, இன்னும் 19.

---

யாழ் தையற்காரி | ஆகஸ்ட் 24, காலை 6:58

வாழை மரத்தோட லிஃப்டில ஏறின ஆளைப் பாக்கவே வேணும் போல கிடக்கு. அக்கா, பையின்ர வாய்க்கு இழுவைக் கயிறு போடுறீங்களா, பட்டியா? கயிறு எண்டால் பருத்திக் கயிறாய்ப் பாத்து வாங்கி, அதையும் கடுக்காயில போடுங்கோ. நான் நைலோன் கயிறு போட்டு, அது மட்டும் வெள்ளைப் பல்லு மாதிரித் தெரிஞ்சது.

---

ஈரோட்டு மாஸ்டர் | ஆகஸ்ட் 24, காலை 7:40

மீனாம்மா, பட்டறையில லேப் டிப் அட்டை (சாய மாதிரித் துண்டு ஒட்டின அட்டை) போட்டுக் காட்டுற பையனுங்களைவிட ஒழுங்கா பண்ணியிருக்கீங்க. அந்த ரிப்பன் அஞ்சையும் ஒரு நோட்டுல ஒட்டி, எந்தத் தண்ணி, எத்தனை கிராம், எந்தத் தேதின்னு பக்கத்துல எழுதி வெச்சுருங்க. அடுத்த வருசம் "போன தடவை எப்படி வந்துச்சு"ன்னு மண்டையைப் பிச்சுக்க வேண்டாம்.

சிவப்பு வேணும்னு ஆசை வந்தா மஞ்சிட்டி வாங்கிப் பாருங்க, நாட்டுமருந்துக் கடையில கிடைக்கும். அடுப்படிச் சாமான் இல்லதான், ஆனா கடுக்காய், படிகாரம் ஏத்துன துணியில அது உக்கார்ற அழகே தனி. கொதிக்க விட்டா பழுப்படிச்சுரும், கை பொறுக்குற சூட்டுக்குக் கொஞ்சம் மேல வெச்சாப் போதும்.

---

மொட்டைமாடி மீனா | ஆகஸ்ட் 30, மாலை 5:20

ஐயா, அவசரம். நோட்டு போட்டாச்சு, மஞ்சிட்டியும் வாங்கியாச்சு, அதெல்லாம் அப்புறம். ஆடித் தள்ளுபடியில எடுத்த புதுப் புடவையைக் கட்டிட்டு அத்தை நேத்து வாழைப்பூ ஆய்ஞ்சிருக்காங்க. மடியில உள்ளங்கை அகலத்துக்குக் கறை. வெளிர் சந்தன நிறப் புடவை. நான் தேய்க்கப் போனேன், கையைத் தட்டிவிட்டு, "தேய்க்காதே, அந்த வாழைத்தண்ணி மிச்சம் இருந்தா மொத்தமா முக்கிடு"ங்கறாங்க. முக்கலாமா?

---

ஈரோட்டு மாஸ்டர் | ஆகஸ்ட் 30, மாலை 5:34

ஓரத்துல ஒரு நூல் உருவி எரிச்சீங்களா?

---

மொட்டைமாடி மீனா | ஆகஸ்ட் 30, மாலை 5:51

எரிச்சேன். கறுப்பு மணி. அத்தை பக்கத்துலயே நின்னு பாத்துட்டாங்க. கடைக்காரன் "ப்யூர் காட்டன்மா"ன்னு சொன்னானாம். இப்ப பீரோவைத் திறந்து எல்லாப் புடவையிலயும் நூல் உருவிட்டு உக்காந்திருக்காங்க.